தோல்வி ஆசானாகுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசைக்கும் இலக்கியத்திற்கும் நடுவே விளையாட்டைப் பற்றியும் சிறிது பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நம் காலனி மைதானத்தில் மாலைதோறும் பந்துதைக்கும் பிள்ளைகளும், அவர்களைச் சாப்பிட வருமாறு கூவி அழைக்கும் அன்னையரும் இங்கே ஒருங்கே அமர்ந்திருப்பதால், இரு சாராருக்கும் பயன்படக் கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கால்பந்தாட்டக் குழுவின் தலைமைப் பயிற்சியாளர் பெரும்பிழை புரிந்து, நாடறியத் தோல்வி கண்ட பிறகு, அதிலிருந்து பாடம் கற்றுத் திருந்துகின்றாரா?

"பட்டால்தான் தெரியும்" என்று நம் முன்னோர் எளிதாகச் சொல்லிவிட்டனர். ஆனால் பட்டவர் அனைவரும் தெரிந்துகொண்டனரா என்பதை வரலாற்றிடந்தான் கேட்கவேண்டும்.

முதலில் நம் நாட்டு வரலாறு. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றுவித்த இந்தியக் குழு 1951இல் தில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்ற கணக்கில் வீழ்த்திற்று. வெற்றி மறைத்து வைத்திருந்த குறைகளை அந்தத் தோல்வி வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது. நம் ஆட்டக்காரர் பலர் அந்தக் குளிரிலும் வெறுங்காலுடன் ஆடினர். உள்நாட்டில் 70 நிமிட ஆட்டத்திற்குப் பழகியவர்கள் அங்கே 90 நிமிடம் ஓட வேண்டியிருந்தது.

இந்நிலையில் மனிதர் செய்யக்கூடியவை இரண்டு. எதிரியின் வலிமையையும் தட்பவெப்பத்தையும் பழித்துவிட்டு வாளாவிருப்பது ஒன்று. குறையைப் பெயர் சொல்லி அடையாளங் கண்டு களைவது மற்றொன்று. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கிற்று. ரஹீமும் ஆட்டமுறையை மாற்றினார். அக்காலத்தில் உலகை வியக்க வைத்த ஹங்கேரியக் குழுவின் வழியை ஒட்டி, நடு முன்னணி வீரரைச் சற்றே பின்னிறுத்தி ஆடும் உத்தியைப் பயிற்றுவித்தார்.

பயன் என்ன? 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா எதிர்ப்பட்டது. இம்முறை முதற் கோலை அடித்தது இந்தியாவே. முடிவில் 4-1 எனத் தோற்றோம் என்பது உண்மை. எதிர்த்து ஆடிய அணியும் முன்பிருந்த அணி அன்று; ஆகையால் கோல் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய நாடு ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றதை யார் மறுக்க முடியும்?

1962இல் ஜகார்த்தாவில் நிகழ்ந்தது இன்னும் சிறப்பானது. முதலாட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 எனத் தோற்ற இந்தியா, சில நாட்களில் இறுதியாட்டத்தில் அதே கொரியாவைச் சந்தித்தது. இடையில் பின்வரிசை வீரரான ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றுத் தையலிட்டிருந்தார். ரஹீம் அவரையே முன்வரிசைக்குக் கொணர்ந்தார். இறுதியாட்டத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடிக்க, இந்தியா 2-1 என வென்று தங்கம் கொணர்ந்தது. அன்று கோலைக் காத்து நின்றவர் மதராஸ் ரெஜிமென்டில் பயின்று வளர்ந்த பீட்டர் தங்கராஜ் என்பது நமக்கெல்லாம் பெருமை. புற்றுநோயால் வாடிய ரஹீம் 1963 ஜூனில் மறைந்தார். அவரது வாழ்வை 2024இல் வெளிவந்த 'மைதான்' என்னும் இந்திப் படம் இன்றைய தலைமுறைக்கு எடுத்துக் காட்டியது.

இந்த ஓர் உதாரணத்தைக் கொண்டு, எல்லோரும் திருந்திவிடுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் காரெத் சவுத்கேட்டைப் பாருங்கள். ஆட்டக்காரராக 1996 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் பெனால்டி உதையைத் தவறவிட்டவர் அவர். பயிற்சியாளரானதும் அக்கலையைத் தம் வீரர்களுக்கு முறையாகப் பழக்கி, 2018இல் கொலம்பியாவை வென்றார். உலகக் கோப்பையில் இங்கிலாந்து பெனால்டி உதையால் வென்றது அதுவே முதன்முறை. ஆனால் 2021இல் இத்தாலியுடன் நடந்த இறுதியாட்டத்தில், பெனால்டிக்கென்றே கடைசி நிமிடத்தில் இருவரைக் களத்தில் இறக்கினார். இருவரும் தவறவிட்டனர், கோப்பை போயிற்று. பழியைத் தாமே ஏற்றார். 2024இல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக அவருடைய வீரர் ஐவரும் பிழையின்றிப் பந்தை வலைக்குள் செலுத்தினர். 2021இல் தவறவிட்ட இளைஞர் சாக்காவும் அவ்வைவருள் ஒருவர்.

ஆயின் அவரது மற்றொரு குறை அவ்வளவு எளிதில் அகலவில்லை. 2018இல் குரோஷியாவிடமும் 2021இல் இத்தாலியிடமும் இங்கிலாந்து தொடக்கத்திலேயே முன்னணி பெற்றது. பிறகு பின்வாங்கி ஆடி அதை இழந்தது. பெனால்டி உதை பயிற்சியால் கைவருவது. பெற்றதைக் காக்க வேண்டுமென்ற அச்சமோ சுபாவத்தோடு ஒட்டியது. திறமைக் குறை திருந்துவது எளிது. சுபாவக் குறை திருந்துவது அரிது.

வெற்றியும் ஒருவரை மழுக்கிவிடும். ஜெர்மனியின் யோவாகிம் லோவ் 2012இல் இத்தாலியிடம் தோற்றபின் குழுவைச் செம்மைப்படுத்தி, 2014இல் உலகக் கோப்பையை வென்றார். அதே லோவின் குழு 2018இல் தென் கொரியாவிடம் 2-0 எனத் தோற்று, முதற் சுற்றிலேயே வெளியேறியது. பந்தை எந்நேரமும் தம்மிடமே வைத்து ஆடுவதில் அளவு மீறிய நம்பிக்கை கொண்டுவிட்டதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. தோற்றவரை உடனே நீக்குவது பல குழுக்களின் வழக்கம். நெதர்லாந்துக் கால்பந்தாட்டத்தை ஆராய்ந்த பொருளியலறிஞர் பாஸ் டெர் வீல், பயிற்சியாளரை மாற்றிய குழுக்களும், அதேபோலத் துவண்டும் மாற்றாத குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் மீண்டெழுந்தன என்று கண்டார். எனவே மீட்சி முழுவதையும் புதியவரின் திறமை என்று புகழ்வதும் தவறு. பழையவர் திருந்தியதன் விளைவு என்று எண்ணுவதும் தவறு. ஆனால் ஒன்று தெளிவு. பிழைக்குக் கொடுத்த விலையை ஒருவர் செலுத்த, அந்த அனுபவத்தோடு அவரை வெளியேற்றிவிட்டால், விலை மட்டுமே நமக்கு மிஞ்சும்.

அன்பர்களே! சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். அது கற்றது அச்சம், சமையலன்று. அடுப்பில் எது சுட்டது, ஏன் சுட்டது என்று அறிந்து மீண்டும் அடுப்பருகே செல்பவரே கற்றவர். 1952க்குப் பின் ரஹீம் ஐரோப்பியரோடு ஆடுவதையே தவிர்த்திருந்தால் மெல்போர்ன் ஏது?

ஆகவே என் விடை இது: தோல்வி தானாக எவருக்கும் ஆசானாவதில்லை. பிழையைப் பெயர் சொல்லிக் குறிக்கும் நேர்மை, அதைக் களையும் உழைப்பு, மறுமுறை முயலச் சுற்றத்தார் தரும் அவகாசம் ஆகிய மூன்றும் கூடினால்தான் அது கற்பிக்கும். முதலிரண்டும் பிழைத்தவரின் கடமை. மூன்றாவது நம் கடமை.

பிறந்த மண்ணை விட்டு வந்து, மாற்று மொழியிடையே பிழைப்பைத் தேடிக்கொண்ட நமக்கு இது புதிதன்று. தவறாகப் பேசிப் பேசியே இவ்வூர் மொழியைக் கற்றோம். கேட்டவர் பொறுத்ததனால் அல்லவா அது கைகூடியது? அந்தப் பொறுமையை நம் பிள்ளைகளுக்கும் வழங்குவோம். மதிப்பெண் குறைந்த தாளை அவர்கள் நீட்டும்போது, "எவ்வளவு?" என்று கேட்பதோடு நில்லாமல், "எங்கே தவறிற்று?" என்றும் கேட்போம். அடுத்த தேர்வுக்கு அவர்கள் அஞ்சாமல் செல்வார்கள்.