விகிதம் தெரிந்தால் போதுமா?



இன்று இரசாயன சாஸ்திரத்தில் ஒரு சிறு விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்று கருதுகின்றோம். இரசாயனம் என்றவுடனே இது பட்டம் பெற்றவர்கள் சமாச்சாரம், நமக்கு எட்டாது என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும்.

நான்கு வஸ்துக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நோயாளிக்குக் கொடுக்கும் குளுக்கோஸ். இரண்டு, தயிருக்குப் புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலம். மூன்று, காடிக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலம். நான்கு, பிணம் அழுகாமலிருக்க உபயோகிக்கும் பார்மலினில் கரைந்துள்ள பார்மால்டிஹைடு என்னும் விஷ வாயு.

இந்த நான்கையும் தண்ணீர் முதலிய கலப்பில்லாமல் சுத்தமாக எடுத்து, தனித்தனியே எரித்து நிறுத்துப் பார்க்கலாம். எரியும்போது அதிலுள்ள கார்பன் என்னும் கரிச்சத்து கரியமில வாயுவாகவும், ஹைட்ரஜன் தண்ணீராகவும் வெளியேறும். அவற்றைப் பிடித்து நிறுத்தால் இரண்டின் அளவும் தெரியும். மீதி ஆக்ஸிஜன் என்னும் பிராணவாயு. ஜெர்மனியில் லீபிக் என்பவர் 1831-ல் இதற்கென்று ஒரு கண்ணாடிக் கருவியே செய்து, இவ்வேலையைச் சுலபமாக்கினார்.

கிடைக்கும் விடை என்ன? நூறு பங்கில் கார்பன் 40, ஹைட்ரஜன் 6.7, ஆக்ஸிஜன் 53.3. கார்பன் அணுவின் எடை 12, ஹைட்ரஜன் 1, ஆக்ஸிஜன் 16. அந்தந்த எடையால் வகுத்தால் 3.3, 6.7, 3.3 என்று வரும். அதாவது கார்பன் ஒன்றுக்கு ஹைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் ஒன்று. இதற்குத்தான் எளிய விகித வாய்பாடு என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், நான்கு வஸ்துவுக்கும் இதே விடைதான் வரும்! தராசு ஒன்றாகச் சொல்லிற்று என்பதற்காக, பிணத்துக்குப் போடுவதைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சம்மதிப்பீர்களா? மாட்டீர்கள். அப்படியானால் தராசு பொய் சொல்லிற்றா? அதுவும் இல்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லிற்று. நாம் கேட்ட கேள்விதான் பாதிக் கேள்வி.

ஒரு தெருவில் ஜனக் கணக்கு எடுப்பவர், "இத்தெருவில் ஆண் ஒன்றுக்குப் பெண் ஒன்று, குழந்தை இரண்டு" என்று எழுதிக்கொண்டு போகிறார். இது தெருவின் கணக்கு. வீட்டுக்கு எத்தனை பேர் என்று இதிலிருந்து சொல்ல முடியுமா? வீட்டுக்கு நான்கு பேரும் இருக்கலாம்; இருபத்துநான்கு பேரும் இருக்கலாம். விகிதம் மாறாது. மூலக்கூறு என்பது வீடு. அந்த வீட்டில் உண்மையில் எத்தனை அணுக்கள் என்று சொல்வதே மூலக்கூறு வாய்பாடு.

அதை அறிய வேறொரு சோதனை வேண்டும். ஒரு மூலக்கூறின் எடை வேண்டும். வாயுவாக இருப்பதை ஹைட்ரஜன் வாயுவோடு ஒரே அளவு, ஒரே உஷ்ணம், ஒரே அழுத்தத்தில் நிறுத்துப் பார்க்கலாம். பார்மால்டிஹைடு 15 மடங்கு கனம். ஹைட்ரஜன் மூலக்கூறின் எடை 2. ஆகவே இதன் எடை 30. குளுக்கோஸோ ஆவியாகாமல் கருகிப்போகும். அதைத் தண்ணீரில் கரைத்து, அத்தண்ணீர் எவ்வளவு தாழ்ந்த உஷ்ணத்தில் உறைகிறது என்று பார்த்தால், அதிலிருந்து 180 என்ற எடை கிடைக்கும்.

விகித வாய்பாட்டின் எடை 12, 2, 16 கூட்டினால் 30. பார்மால்டிஹைடுக்கு 30, ஒரு மடங்கு. அசிட்டிக் அமிலத்துக்கு 60, இரண்டு மடங்கு. லாக்டிக் அமிலத்துக்கு 90, மூன்று மடங்கு. குளுக்கோஸுக்கு 180, ஆறு மடங்கு. ஆகவே குளுக்கோஸ் வீட்டில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்ஸிஜன் 6.

"இவ்வளவு சிரமம் எதற்கு? பெரியவர் ஒருவர் சொன்னால் போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். பெரியவர் சொன்ன கதையையும் கேளுங்கள். இங்கிலாந்தில் டால்ட்டன் என்பவர் நெசவுக்காரர் மகன். அணுக்களின் எடையைக் கணக்கிட முதன்முதல் வழிகாட்டிய மேதாவி. அவர் 1808-ல் வெளியிட்ட புத்தகத்தில், தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்ஸிஜன் ஒன்று என்று வைத்துக்கொண்டார். சோதித்துக் கண்டதல்ல; எளிமையாக இருக்கும் என்று வைத்துக்கொண்டது.

அதே காலத்தில் பிரான்சில் கே-லுசாக், இரண்டு படி ஹைட்ரஜனும் ஒரு படி ஆக்ஸிஜனும் சேர்ந்தால் இரண்டு படி நீராவி வருகிறது என்று அளந்து காட்டினார். டால்ட்டன் ஒப்பவில்லை. சம அளவு வாயுக்களில் மூலக்கூறுகளும் சம எண்ணிக்கையே என்று 1811-ல் இத்தாலியர் அவகாட்ரோ விளக்கினார். அதைப் பெரும்பாலோர் ஏறக்குறைய 50 ஆண்டுகள் கவனிக்கவேயில்லை. 1860-ல் கார்ல்ஸ்ரூஹே நகரில் கூடிய இரசாயனிகள் மாநாட்டில் கனிஸாரோ அதை எடுத்துப் பேசிய பிறகே குழப்பம் தெளியத் தொடங்கிற்று.

ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் உண்மையில் உள்ளது ஹைட்ரஜன் பெராக்ஸைடில். அதன் வீட்டில் ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 2. செறிவாக இருந்தால் தோலை எரித்துவிடும். அது எங்கே, குடிக்கும் தண்ணீர் எங்கே!

மூலக்கூறு வாய்பாடும் முடிந்த முடிவல்ல. பழச் சர்க்கரையாகிய ப்ரக்டோஸுக்கும் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்ஸிஜன் 6 தான். ஆட்கள் எண்ணிக்கை ஒன்று. அவர்கள் அமர்ந்திருக்கும் வரிசை வேறு. அதற்கு இன்னொரு சோதனை இருக்கிறது.

ஆகவே தோழர்களே! ஒரு கணக்கு சரியாக இருக்கிறது என்பதாலேயே அது முழுக் கணக்கு என்று நம்பிவிடாதீர்கள். "விகிதம் சொன்னீர்கள், எண்ணிக்கை எங்கே? அதை எப்படி அளந்தீர்கள்?" என்று கேளுங்கள். டால்ட்டனானாலும் சரி, நாமானாலும் சரி, கேட்காமல் விடாதீர்கள்!