தூசி சொல்லும் சாட்சி

(பகுத்தறிவுத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



பட்டணத்துப் புகையைக் குடித்து ஒரு குழந்தை இருமினால் நம் மக்கள் என்ன சொல்லுகிறார்கள்? திருஷ்டி என்கிறார்கள், தலையெழுத்து என்கிறார்கள், பூர்வ ஜென்ம வினை என்கிறார்கள். புரோகிதரோ, காற்று சுத்தமாக யாகம் செய்யச் சொல்லி, நெய்யையும் சுள்ளியையும் எரித்து, இருக்கிற புகையோடு இன்னும் கொஞ்சம் புகையைச் சேர்த்துவிட்டுத் தட்சிணையும் வாங்கிக்கொண்டு போகிறார். அந்தப் புகை எங்கிருந்து வந்தது, யார் விட்டது என்று கேட்பவர் எத்தனை பேர்?

கேட்டவர்கள் உண்டு, தோழர்களே! அவர்கள் கண்ட விதத்தையே இன்று சொல்லப் போகிறோம்.

அணு என்றதும் 1945ல் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அணுவைப் பற்றிய அறிவு தூசியைச் சோதிக்கவும் உதவுகிறது. காற்றை ஒரு மெல்லிய வடிதாளின் வழியாக இழுத்தால், தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கே உள்ள பொடியும் அதில் படியும். நுரையீரலின் ஆழம்வரை போகிற பொடி இதுதான். அதன்மேல் புரோட்டான் என்னும் துகள்களை வேகமாகப் பாய்ச்சினால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்கதிரை வெளிவிடும். மண்ணானால் சிலிக்கனும் அலுமினியமும், விறகுப் புகையானால் பொட்டாசியமும், ஈயம் கலந்த பெட்ரோலானால் ஈயமும் புரோமினும் தம்மைக் காட்டிக் கொடுக்கும். ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையார் 1970ல் வெளியிட்ட முறை இது.

சர்வதேச அணுசக்தி முகமையின் உதவியோடு வங்கதேசம், இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய பல தேசத்தார் இப்படித் தூசி சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தூசிக்கு ஜாதியுமில்லை, மதமுமில்லை, மூச்சுக்கும் அப்படியே.

டாக்கா நகரத்தைப் பாருங்கள். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் ஈயம் அந்நகரக் காற்றில் மிகுந்திருந்ததைச் சோதனை காட்டிற்று. 1999 ஜூலையில் ஈயப் பெட்ரோல் அங்கே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் காற்றிலிருந்த ஈயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குறைத்தது புரோகிதரின் ஓமமா? முல்லாவின் ஓதலா? எண்ணெயை மாற்றினார்கள், ஈயம் இறங்கிற்று. மீதி ஈயம் எங்கிருந்து என்று மறுபடியும் தேடியபோது, பழைய பாட்டரிகளை உருக்கும் இடங்கள் அகப்பட்டன. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000த்தில் நின்றது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியாவில் 2021ல் நின்றது.

அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தை ஏற்றியது தலைவிதியானால், ஒரு சர்க்கார் உத்தரவுக்கு அந்த விதி எப்படிப் பணிந்தது என்று யோசித்துப் பாருங்கள்!

கருவி சாட்சி மட்டுமே சொல்லும். புகைபோக்கிக்குச் சொந்தக்காரன் மேட்டுத் தெருவிலும், இருமுகிறவன் அதன் நிழலிலும் இருக்கும்வரை, வழக்குத் தொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். ஆதலால் உங்கள் ஊர்க் காற்றில் என்ன இருக்கிறது, யார் கலந்தது என்று உங்கள் நகரசபையைக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள் என்று கூறி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.