சராசரி முகம் யாருடையது?

(மாணவர்களுக்கான ஓவியப் பட்டறை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பகலில் வங்கிக் குமாஸ்தா, ராத்திரியில் கவிதை, மிச்ச நேரத்தில் பென்சில். பத்து வருஷமாக நம்ம சனங்களின் முகங்களை அச்சு அசலாக வரைந்து வந்திருக்கிறேன். செத்துப்போன அப்பனுக்கு, ஆத்தாளுக்குப் படம் கேட்டு வருவார்கள். ரேஷன் கார்டு போட்டோ ஒன்றுதான் இருக்கும். அதில் கட்டம் போட்டு, தாளிலும் கட்டம் போட்டுப் பெரிதாக்க வேண்டும். யாரும் நேராக ஏறிட்டுப் பார்க்காத ஒரு முகத்தை எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது சின்னக் காரியமில்லை. அதுவே ஒரு மரியாதை.

இப்போது மூன்று வருஷமாக டேப்லெட்டில் கேலிச்சித்திரம். 'மூஞ்சிய மூஞ்சியா வரைஞ்சவன் ஏம்பா கோணிக்கிட்டே?' என்று கேட்கிறார்கள். கோணவில்லை. அதே பாதையில் அடுத்த அடி இது.

வங்கியில் கையெழுத்து சரிபார்க்கிறோம். ஒரே ஆள் இரண்டு தடவை ஒரே மாதிரிக் கையெழுத்துப் போடுவதில்லை. நாங்கள் தேடுவது அந்த ஆளுக்கே உரிய ஒரு சுழியை. கேலிச்சித்திரம் அந்தச் சுழியைத்தான் பெரிதாக்குகிறது. அளவு தெரிந்தவனால்தான் அளவை மீற முடியும்.

பிரான்சில் 1831இல் மன்னன் லூயி பிலிப்பை அவமதித்ததாகப் பத்திரிகையாளர் பிலிப்போன் மீது வழக்கு. நீதிமன்றத்தில் நாலு படம் வரைந்து காட்டினார். முதலாவது கிட்டத்தட்ட மன்னனின் முகம். நாலாவது வெறும் பேரிக்காய். இடையில் எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது, சொல்லுங்கள் என்றார். தண்டனை தப்பவில்லை. ஆனால் பேரிக்காய் ஊரெல்லாம் மன்னனாகிவிட்டது. மன்னனை வாய் பிளந்து விழுங்குகிற பூதமாக வரைந்த தோமியே 1832இல் சிறைக்குப் போனார். அதிகாரம் எதற்குப் பயப்படுகிறது என்று இதிலிருந்தே தெரியும்.

இனி கணினிக்கு வருவோம். 1982இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சூசன் பிரென்னன் கேலிச்சித்திரம் போடுகிற ஒரு நிரலை உருவாக்கினார். அது செய்வது இவ்வளவுதான். ஒரு சராசரி முகத்தை வைத்துக்கொள்ளும். நம் ஆளின் முகம் அதிலிருந்து எங்கெங்கே விலகுகிறதோ, அந்த விலகலைக் கூட்டும். 1987இல் ரோட்ஸ், பிரென்னன், கேரி மூவரும் சோதித்தபோது, சரியான கோட்டோவியத்தைவிடக் கேலிச்சித்திரத்தை வைத்துச் சீக்கிரமாக ஆளை அடையாளம் கண்டார்கள்.

இங்கேதான் நம்முடைய கேள்வி. அந்தச் சராசரி முகம் யாருடையது? கணினியில் மட்டுமல்ல, உங்கள் தலைக்குள்ளும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆண்ட்ரூ லூமிஸ் 1956இல் வெளியிட்ட தலை, கை வரையும் நூலில்தான் பலரும் முகம் வரையப் பழகுகிறார்கள். நல்ல நூல்தான். ஆனால் அதன் இலட்சிய முகம் வெள்ளை அமெரிக்க முகம். அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு நம் ஆளை வரைந்தால் என்ன ஆகும்? கறுப்பு நிறமே விலகலாகிவிடும். அகன்ற மூக்கு, தடித்த உதடு எல்லாம் வேடிக்கையாகிவிடும். கை தானாக அதைக் கூட்டும்.

நாஜிகளின் 'டெர் ஸ்டுர்மர்' பத்திரிகை யூதர்கள் எல்லோருக்கும் ஒரே மூக்கை ஒட்டியது. அது கேலிச்சித்திரம் அல்ல, முத்திரை குத்துவது. ஒருத்தனை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது கேலிச்சித்திரம். ஒரு கூட்டத்துக்கே ஒரு மூஞ்சியை மாட்டுவது அவதூறு. இந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதீர்கள்.

வேலைமுறையைச் சொல்கிறேன். கிரீட்டா என்ற மென்பொருள் இலவசம். போட்டோவை அடியில் வைத்து நகல் எடுக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். ஒரு போட்டோ போதாது, ஐந்தாறு வேண்டும். முதலில் தீப்பெட்டி அளவில் எட்டுப் பத்து முகம் கிறுக்குங்கள். தலையின் வடிவம், கண்ணும் மூக்கும் சேர்ந்த டி வடிவம், வாய், இவை போதும். ஒன்றைப் பெருக்கினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் பெருக்கினால் முகம் ஊதிப்போகும், ஆள் வரமாட்டான். பிடித்த கிறுக்கலை மங்கலாக்கி, மேலே புது லேயர் போட்டுக் கோடு இழுங்கள். லிக்விஃபை என்று ஒரு கருவி இருக்கிறது, படத்தை மாவு மாதிரி இழுக்கும். அது போட்டோவைப் பிசையும். பார்க்கிற வேலையை அது செய்யாது.

நிறம் முக்கியம். ஃபோன் கேமராவே முகத்தை வெளுத்துத் தருகிறது. அதிலிருந்து நிறத்தை உறிஞ்சினால் பொய்தான் கிடைக்கும். கறுத்த தோலுக்கு வெறும் கறுப்பைக் கலந்தால் சாம்பல் பூத்துப்போகும். செம்பழுப்பு, ஊதா, வெளிச்சம் படுகிற இடத்தில் கொஞ்சம் நீலம் என்று போடுங்கள். தோல் உயிரோடு இருக்கும்.

உன்னமதி சியாம சுந்தர் 2019இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். 1932 முதல் 1948 வரை பத்திரிகைகள் அம்பேத்கரை வரைந்த நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்டூன்கள் அதில் இருக்கின்றன. தேடிப் படியுங்கள். யார் உருவம் எவ்வளவு பெரிது, யார் எங்கே நிற்கிறார், யார் சிரிக்கிறார் என்று ஒவ்வொரு படத்திலும் ஸ்கேல் வைத்து அளங்கள். அரசியல் அங்கேயும் இருக்கிறது. 1949இல் சங்கர் வரைந்த நத்தைக் கார்ட்டூன் 2012இல் பாடப்புத்தகச் சர்ச்சையானபோது, 'நகைச்சுவை தெரியாதா?' என்று நம்மைத்தான் கேட்டார்கள். யார் தலைக்குள் இருக்கிற சராசரியை வைத்துச் சிரிக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே பழைய பயிற்சியை விடாதீர்கள். உங்கள் தெருவில் நூறு முகத்தை நேராக வரையுங்கள். பாட்டி, கொத்தனார், துப்புரவுத் தொழிலாளி, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லோரையும் வரையுங்கள். உங்கள் சராசரி அங்கிருந்து வரட்டும். பிறகு அதிகாரத்தில் உட்கார்ந்திருப்பவனை அதே அளவுகோலில் பாருங்கள். எங்கே கோணியிருக்கிறான் என்று கைக்கே தெரியும்.

டேப்லெட் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பென்சிலும் தாளும் இங்கே மேசையில் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்திலிருந்தே தொடங்குவோம்.