எருக்கலைக்கும் ஓர் இடம் கொடுப்போம்

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவுக்காக நாம் செய்த சிரமதானத்தைப் பற்றியே பேச வந்தோம். மேற்கு வேலியோரம் நின்ற எருக்கலையையும் தும்பையையும் வெட்டிக் குவித்து எரித்தோம். எருக்கலை இலையில் இருந்த புழுக்களை மாணவியர் சிலர் காட்டினர். "மயிர்க்கொட்டி, தொடாதேங்கோ பிள்ளையள்" என்று விலக்கினோம்.

அவை மயிர்க்கொட்டிகள் அல்ல. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகள் கொண்ட அந்தப் புழுதான் செம்மஞ்சள் சிறகுள்ள வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி ஆகிறது. எருக்கலை இனச் செடிகளிலேயே அது முட்டையிடும். இலையின் பாலிலுள்ள நஞ்சு புழுவின் உடலிற் சேர்ந்து, சிறகு முளைத்த பின்பும் பறவைகளிடமிருந்து அதைக் காக்கிறது.

கனடாவிலுள்ள நம் சகோதரிகள் மொனார்க் வண்ணத்துப்பூச்சியை அறிவார்கள். அங்கிருந்து மெக்சிக்கோ மலைக்காடுகள் வரை பறக்கும் அதுவும் இதற்கு நெருங்கிய உறவே. அதன் புழுவுக்கு உணவான பாற்செடிகள் வயல்களில் அழிக்கப்பட்டது, அதன் தொகை வீழ்ந்ததற்கு ஒரு முக்கிய காரணம். இன்று அங்கே மக்கள் வீட்டு முற்றங்களில் அச்செடியைத் தேடி நடுகிறார்கள். நாமோ தானாக முளைத்ததை எரித்தோம்.

ஏன் எரித்தோம்? "வீட்டில் எருக்கு முளைக்க" என்பது நம்மிடையே சாபம். 1990 இல் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பிய நாம், வீட்டுக்குள் எருக்கலை நின்றதைக் கண்டு அழுதவர்கள். அந்த வெறுப்பு நமக்குள் இன்னமும் இருக்கிறது. ஆனால் பாழாக்கியது செடியல்ல.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்த வேலியோரத்தை ஐப்பசி மழையோடு மீண்டும் முளைக்க விடுவோம். தும்பை விதை தூவுவோம், தேனீ வரும். பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூச்சிகள் மகரந்தம் கொண்டு சென்றால்தான் காய் பிடிக்கும். புல்லிலும் சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளர்வதால், அங்கே புல்லை ஒட்ட வெட்ட வேண்டாம். பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம். எருக்கலைக்குத் தண்ணீரும் தேவையில்லை. ஆடுமாடும் பெரும்பாலும் அதைத் தொடாது. அதன் பால் கண்ணுக்குக் கேடு என்பதால், சிறுவர் விளையாடும் இடத்துக்குத் தள்ளியே நிற்கட்டும்.

அடுத்த ஒன்றுகூடலில், புழு தின்ற எருக்கலை இலைகளை மாணவியர் எமக்குக் காட்ட வேண்டும். இம்முறை விலக்கமாட்டோம்.