கடற்காற்றும் கரையோர வேலையும்

பெங்களூரில் பிழைக்கும் நம்மவருள் தூத்துக்குடி, நெல்லைச் சீமையினரும் உளர். அவர்தம் ஊர்ப் பக்கத்துக் கடற்காற்றைப் பற்றியதே இப்பேச்சு. (இவ்வூர்த் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடமும் 1960களில் காற்றாலைகள் செய்து பார்த்ததுண்டு.) தமிழகக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகள் நிறுவ உதவும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் இசைந்தது. இரு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி ரூபாயும் அதில் அடக்கம்.

நம் கண் அந்த 600 கோடியின் மேல்தான். கடற்காற்றாலையின் இறக்கைகள் மிக நீளமானவை. சாலை வழியே கொண்டு செல்லல் அரிது. துறைமுகத்தருகே கோத்துக் கப்பலேற்ற வேண்டும். பற்றவைப்போர்க்கும் மின்வினைஞர்க்கும் அங்கேதான் வேலை. டென்மார்க்கில் மீன்பிடித் துறையாயிருந்த எஸ்பியர் இவ்வாறே இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

நிறுவும் பணி விரைவில் முடியும். பராமரிப்போ இருபது ஆண்டுக்கு மேலும் நீளும். வலைவீசும் இடம் குறுகினால், மீனவர் பிள்ளைகளுக்கு அப்பணியில் முதலிடம் உண்டா? பயிற்சி கரையிலேயே கிட்டுமா? ஒப்பந்தம் எழுதுமுன் கேட்க வேண்டியவை இவை. ஊருக்குக் கடிதம் எழுதுகையில் நாமும் இவற்றைக் குறிப்பிடலாம்.