கோடு கிழிக்குமுன் நீரின் வழியைப் பாருங்கள்!

(கிண்ணியாவில் ஆற்றிய உரை)



கிண்ணியாவின் எதிர்காலத்தைப் படத்தில் வரைவோர் எதனை முதலிற் பார்க்கின்றனர்? இக்கேள்வியை உங்கள்முன் வைக்கவே வந்துள்ளோம்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இவ்வூரைச் சூறையாடிற்று, வைத்தியசாலையையும் விட்டுவைக்கவில்லை. அதன்பின் அரசாங்கம் என்ன செய்தது? தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றர், வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றர் எனக் கோடு கிழித்து, அதற்குள் வீடு கட்டலாகாது என்றது. மேடு எது, பள்ளம் எது, கண்டற்காடு எங்கே என்று அக்கோடு கேட்கவில்லை. மக்கள் குமுறினர், பின்னர் அது தளர்த்தப்பட்டது.

வேறு வழியுண்டு. மண், நீரோட்டம், வெள்ளம் ஏறும் எல்லை, காடு ஆகியவற்றைத் தனித்தனிப் படமாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், குடியேறத்தக்க இடத்தை நிலமே காட்டும் என்று பேராசிரியர் இயன் மெக்ஹார்க் 1969இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மேலே காடு, நடுவே குளம், கீழே வயல் என்று ஊரமைத்த நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர்.

இங்கே நிலம் சொல்வது என்ன? 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, இலங்கையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீரைச் சுமந்து கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. மேலே விக்டோரியா, ரந்தெனிகல முதலிய அணைகள் மணலை மறிக்கின்றன. கீழே எஞ்சியதையும் நாம் அள்ளுகிறோம். வரவு குறைந்து செலவு மிகுந்தால் எக்குடும்பம் நிலைக்கும்? ஆற்றுப்படுகை தாழும், கரை சரியும், உப்புநீர் உள்ளேறும்.

சட்டமோ துண்டு துண்டாய்க் கிடக்கிறது. மணலுக்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். கரைக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம். நகருக்கு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம். மூன்று கோப்புகள்; ஆறோ ஒன்று!

பழி விழுவது யார் தலையில்? மண் அள்ளிப் பிழைக்கும் ஏழையின் தலையில்! 2019 ஜனவரியில் மணல் அகழ்வைத் தடுக்கக் கடற்படையினர் வந்த வேளை, ஆற்றில் மூழ்கி இளைஞர் இருவர் மாண்டனர். வேறு தொழிலற்றவனுக்குத் தடையை மட்டும் காட்டுவது திட்டமாகுமா? அதற்காக ஆற்றை அழிக்கவும் நாம் உடன்படோம். ஆறு அழிந்தால் மண் அள்ளுவோனும் கமக்காரனும் மீனவனும் ஒருங்கே அழிவர்.

ஆகவே நாம் கேட்பவை இவை: மகாவலிக் கழிமுகம் முழுவதற்கும் ஒரே திட்டப்படம், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் மக்கள் படித்துத் திருத்தும்படி அது தமிழில் வெளிவரல் வேண்டும். ஆண்டுதோறும் வந்துசேரும் மணலை அளந்து, அதற்கு மேற்படாத அகழ்வு. கண்டற்காட்டிற்குக் காவல். மண் தொழிலாளிக்கு மாற்றுத் தொழில்.

இக்கோரிக்கைகளைக் கச்சேரிக்கும் நகரசபைக்கும் எடுத்துச் செல்வோம். ஒன்றுபட்டு வாரீர்!