தனியா வந்தாலும் உட்கார்ந்து சாப்பிடுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



கடன், சேமிப்பு பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் சோறு பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க, இதுவும் நம்ம கூட்டமைப்பு விஷயம்தான்.

குழு வேலையாகச் சென்னைக்குப் போகிறோம். விடியற்காலையில் ஆம்பூரில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சியோ கூட்டமோ முடித்து, ராத்திரிதான் வீடு திரும்புகிறோம். நடுவில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால், "ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்" என்கிறீர்கள். காசு இல்லாமல் இல்லை. பயணப்படி கையில் இருக்கிறது. ஓட்டல் வாசல் வரைக்கும் போய், உள்ளே ஆம்பளைங்களா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பி விடுகிறோம்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே இருந்துவிட்டார். ரயில் நிலையத்தில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் ஜூஸ் வாங்கிக் கொடுத்துக் காப்பாற்றினார். மாத்திரை போட்டுட்டுப் பட்டினி கிடந்தா, சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். கூச்சத்துக்காக உயிரைக் கொடுக்க முடியுமா?

ஏன் இந்தக் கூச்சம்? வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டுப் பழகினோம். ஷூ கம்பெனியில் நாலு பேராக டிபன் பாக்ஸைத் திறந்து, பங்கு போட்டுச் சாப்பிட்டுப் பழகினோம். பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூர்க்காரங்க நாம். பார்சல் வாங்கி வீட்டுக்குக் கொண்டு போவோம். தனியா கடையில் உட்கார்ந்து, கத்தரிக்காய் தொட்டுச் சாப்பிட்டவங்க எத்தனை பேர்? கை தூக்குங்க பார்ப்போம்!

2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் சமைத்துப் பரிமாறுவது நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். ஊருக்கே சோறு போடுற நாம், ஒரு தட்டு முன்னால் உட்காரக் கூடாதா? அரசியல் சட்டம் 1950-லேயே நடைமுறைக்கு வந்தது. பெண் என்பதற்காகவோ, சாதி, மதத்துக்காகவோ யாரையும் ஓட்டலுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்று அதன் 15-வது பிரிவு சொல்கிறது.

சில வழிகள் சொல்கிறேன். பகல் 12 மணிக்கே போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. கல்லாவுக்கு எதிரே, சுவர் ஓரமாக உட்காருங்கள். பையை மடியில் வையுங்கள். விலையை முதலிலேயே கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. "குடும்பத்தினருக்கு" என்று போர்டு இருந்தால் தாராளமாக உள்ளே போங்கள். தனியா வந்தாலும் நாம் குடும்பத்துக்காரிதான். பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்து சங்கடமாக இருந்தால், "அண்ணா, வேற மேசை குடுங்க" என்று சத்தமாகவே கேளுங்கள். யாராவது தொந்தரவு செய்தால் 181-க்கு போன் போடுங்கள். கிளம்பும் முன் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போய்விட்டு வாருங்கள். அதற்குப் பயந்து தண்ணி குடிக்காமல் இருக்காதீங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெளியூர் போய்வந்த உறுப்பினரிடம், "கூட்டத்துல என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்கிறோம். இனிமேல் "என்ன சாப்பிட்டே?" என்றும் கேட்போம். சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து வருவது சேமிப்பு ஆகாது என்று தீர்மான நோட்டில் எழுதுவோம். முதல் தடவை போகிற தங்கச்சிக்கு, போய்ப் பழகின அக்கா ஒரு நல்ல கடை பேரைச் சொல்லி அனுப்பட்டும்.

வயிறு நிறைஞ்சாதான் கூட்டத்தில் வாய் பேசும்.